அய்யாக்கண்ணுவின் கட்டைவிரல்

செத்துப்போன அய்யாக்கண்ணு இன்று காலை தறியில் விரல் வைத்திருந்தார்.

ஹேமலதா போனில் வந்த அந்தத் தகவலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'அய்யாக்கண்ணு இறந்துவிட்டார் என்று முதலாளி பதிந்திருக்கிறார். இன்று அவர் தறியில் வைக்கப்பட்ட விரல், முதன்முதலில் பதிந்த அதே விரல்தான். பெயரை நம்புவதா, விரலை நம்புவதா?'

கேட்டது ஆள் இல்லை. லோகநாதனின் பட்டுக்கடையில் புதிதாகச் சேர்ந்த ஏஐ.

கடையின் டிசைன்கள் வெளியே போகாமலிருக்க, நெசவாளர் வீட்டுத் தறி ஒவ்வொன்றிலும் ஒரு ரேகைப் பெட்டியை மாட்டி வைத்திருந்தார் லோகநாதன். விரல் வைத்தால்தான் டிசைன் திறக்கும். யாருக்குத் திறப்பது, யாருக்குப் பூட்டுவது என்பதை இனி ஏஐ பார்த்துக்கொள்ளும். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று அதற்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் ஹேமலதாவின் வேலை.

எழுதியும் கொடுத்திருந்தாள். இறந்தவரை நீக்கு. விரல் பொருந்தினால் அதே ஆள்தான், திற. இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று எழுதும்போது தோன்றவில்லை. குழப்பம் வந்தால் நீயாக எதுவும் செய்யாதே, கேள் என்றும் ஒரு வரி போட்டிருந்ததால் அது கேட்டுக்கொண்டு நின்றது.

லோகநாதனால் கல்லாவில் உட்கார முடியவில்லை. அவருடைய அன்னப்பட்சி பார்டர் வேறொரு கடை வாசலில் தொங்கியதைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம்.

"நானே போயி மாலை போட்டுட்டு வந்தேன். நேத்துதான் கருமாதி முடிஞ்சிது. செத்தவன் விரலு எங்கேருந்து வரும்? பொணத்து விரல்ல பசையத் தடவி ரேகைய எடுத்து வெச்சிகினு, எவனுக்கோ டிசைனத் தொறந்து வுடுறாங்க. தூக்கு மொதல்ல."

"நீக்கிட்டா திரும்பக் கொண்டாற முடியாது சார். டிசைன், பாவு, நூலு எல்லாம் அந்த வீட்டுக்கு நின்னுடும். அவரு சம்சாரம் எதை வெச்சிப் பொழைக்கும்?"

"நெய்யறவனே போயிட்டான், இனிமே நூலு எதுக்கு?" என்றவர், கொஞ்சம் தணிந்து, அய்யாக்கண்ணு கொண்டுவந்து போட்ட புடவையை ஒருநாளும் விரித்துப் பார்த்து வாங்கியதில்லை என்றார். அப்படி ஒரு கை ஆரணியிலேயே கிடையாதாம்.

கண்ணால் பார்க்காமல் ஒரு வீட்டுச் சோற்றை நிறுத்த ஹேமலதாவுக்கு மனசு வரவில்லை. சாயந்திரத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். போன் இடுப்பில் அதிர்ந்துகொண்டே வந்தது. ஏஐ பதிலுக்குக் காத்திருந்தது. லோகநாதன், ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருவில் திரும்பியதுமே தறிச் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சத்தம் நின்றது. அய்யாக்கண்ணுவின் மனைவி குணசுந்தரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹேமலதா அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். மாலை போட்ட போட்டோவுக்கு எதிரில் தறிக்குழி காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. நெய்துகொண்டிருந்த ஆள் அந்தப் பக்கம் நழுவியிருப்பான் என்று நினைத்தாள்.

"அந்த விரலக் குடுங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எந்த விரல் என்று புரியாமல் குணசுந்தரி தன் வலது கட்டைவிரலை நீட்டினாள். ஹேமலதா அதைத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். பசை, ரப்பர், தோல் எதுவும் உரிந்து வரவில்லை. காய்ப்பு மட்டும் சொரசொரவென்று இருந்தது.

"பெட்டியில வைங்க."

குணசுந்தரி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. 'வணக்கம், அய்யாக்கண்ணு' என்று எழுத்து வந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. பெயரா, விரலா?

ஹேமலதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு போனதுக்கப்புறம், அவரு விரலுக்குப் பதிலா உங்க விரல யாருக்கா பெட்டியில மாத்திக் குடுத்தது?"

"எதுக்கும்மா மாத்தணும்? பெட்டி மாட்ட வந்தவங்க நெசவாளர் கார்டைப் பாத்து அவரு பேர எழுதிகினாங்க. நெய்யறவங்க விரல வைங்கன்னாங்க. வெச்சேன்."

குணசுந்தரி தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள். போட்டோவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவரு புடவைய கடைக்குத் தூக்கிகினு போவாரு, அவ்ளோதான்."