பிரார்த்தனைப் பாட்டு

திருச்சூருக்குப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசில் மறுநாள் அமைச்சர் வரும் விழாவுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஊரே ‘மாஷ்’ என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பவித்ரன் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“விழா தொடங்கும்போது போடுவீங்களே பிரார்த்தனைப் பாட்டு, அதைப் போடணும்மா.”

போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த கிளார்க் ஷைனஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அரசு விழாவுல சாமி பாட்டு கூடாதுன்னு பத்து வருஷம் கேஸ் நடத்தி ஜெயிச்சது நீங்கதானே மாஷே? திடீர்னு பக்தி வந்துடுச்சா?”

“பக்தியெல்லாம் இல்ல. விழாவுல வேண்டாம், இங்கேயே எனக்கு மட்டும் ஒரு தடவை போடுங்கம்மா. கால்ல வேணாலும் விழறேன்.”

“முந்தாநாள் தீர்ப்பு நகல் வந்த அன்னிக்கே, எதுக்கு வம்புன்னு நான்தான் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சேன். வேற எங்கேயும் இல்ல மாஷே.”

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“போன மாசம் வெள்ளத்துல என் மக போயிட்டா. அவ போட்டோ, போன் எல்லாம் வீட்டோட போச்சு. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப, எனக்குப் பயந்து சொல்லாமலே அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு பண்ணிக் கொடுத்தது அவதானாம். நேத்து துக்கம் கேக்க வந்த பாட்டு டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது. பிரார்த்தனைன்னு மைக்குல சொன்னதுமே நான் வண்டியெடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். ஒரு நாளும் கேட்டதில்லம்மா.”