அடிவயிற்றுச் சீட்டு

நர்சிங் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம், பாயில் கண்ணயர்ந்த அம்மாவின் உடம்பெல்லாம் ஜெனிட்டா மருத்துவ வேர்ச்சொற்கள் எழுதிய சீட்டு ஒட்டினாள். நெஞ்சில் இதயத்துக்கு ‘கார்டி’, வலது விலாவுக்குக் கீழே கல்லீரலுக்கு ‘ஹெபட்’. ஒவ்வொன்றையும் தொட்டு அதன் பொருளைச் சத்தமாகச் சொன்னாள். அம்மா கண்ணைத் திறக்காமலே ‘உம்’ கொட்டினாள். கடைசிச் சீட்டு அடிவயிற்றுக்கு.

“ஹிஸ்டர்ன்னா கர்ப்பப்பை. பின்னால எக்டமி சேந்தா, அத வெட்டி எடுக்கது.”

“அப்போ இத நீ பிச்சிரு மக்ளே,” என்றாள் அம்மா அரைத்தூக்கத்தில். “எனக்குத்தான் நீ பொறக்கதுக்கு முந்தியே எடுத்தாச்சுல்லா.”

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தாள். ஜெனிட்டாவின் விரல் இன்னும் அந்தச் சீட்டின் மேலேயே இருந்தது. விரல் விலகப் பார்த்தது. அம்மா அந்தக் கையைச் சீட்டோடு சேர்த்து வயிற்றில் இறுக அழுத்திக்கொண்டாள்.