பூட்டு உடையாத திருட்டு

“பூட்டு உடையல. ஜன்னல் உடையல. அப்புறம் எப்பிடிம்மா இது திருட்டு?”

கதவுக்கு முன்னால் குனிந்து, பூட்டை நாலு பக்கமும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டார் அந்த ஆள். கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை, கையில் ஃபைல், முகத்தில் உலகத்தில் உள்ளவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்ற தீர்மானம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொல்லும்போதே அது இருந்தது.

பில்கிஸும் மெர்சியும் மேல்விஷாரத்தில் ஒரு மாடி அறையில் தங்கிப் படிக்கிறவர்கள். நேற்று இருவரும் காலேஜுக்குப் போயிருந்தபோது பில்கிஸின் லேப்டாப் பையோடு காணாமல் போய்விட்டது. திங்கட்கிழமை காட்ட வேண்டிய ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் அம்மா, ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்த லேப்டாப். அம்மாவிடம் சொல்ல அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நல்லவேளையாக, மாணவர்களின் பொருள்களுக்கென்று காலேஜில் மலிவாக விற்ற இன்சூரன்ஸ் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். கம்பெனிக்குச் சொல்லுடி, ஆள் அனுப்புவாங்க என்று நேற்றிலிருந்து மெர்சி நச்சரித்துக்கொண்டிருந்தாள். இதோ, ஆள் வந்து நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம். தெருவில் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள், கீழ்வீட்டு ஓனர் அப்துல் ஹமீத் பாய் உட்பட. மெர்சி பில்கிஸைப் பார்த்தாள். பில்கிஸ் மெர்சியைப் பார்த்தாள்.

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். சாவியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். வாசலில் கிடக்கும் பழைய ஷூவுக்குள் என்று பில்கிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அதுக்கு ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாமே” என்று சிரித்தார்.

அப்புறம் அறைக்கு யார் யார் வருவார்கள், ஆண் சிநேகிதர்கள் உண்டா, வீட்டில் கடன் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். திருட்டுக் கொடுத்தவளை விசாரிக்கிற விசாரணையில் கால்வாசியை, திருடியவனிடம் காட்டினால் ஊரில் பாதித் திருட்டு குறைந்துவிடும். போலீஸில் எழுதிக் கொடுத்தாயா என்றதற்கு இல்லை என்றாள். அதை மட்டும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“வருசத்துக்கு ரெண்டு பிளேட் பிரியாணி காசு கட்டிட்டு புது லேப்டாப் கேக்குறீங்க. நீயே வித்துட்டு நாடகம் ஆடுறியா?”

பில்கிஸுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. இல்லை சார் என்று மட்டும் சொன்னாள்.

பாலிசி அட்டையைக் கேட்டார். லேப்டாப் பையிலேயே இருந்தது, பையோடு போய்விட்டது என்றாள்.

“பரவால்ல, நம்பர் என்னாண்ட இருக்கு” என்று செல்போனைப் பார்த்து மளமளவென்று படித்தார். நம்பர், அவள் பெயர், காலேஜ் பெயர், எல்லாம் சரியாகவே இருந்தன.

பில்கிஸ் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு மெர்சி பக்கம் திரும்பினாள்.

“சார் வெயில்ல வந்திருக்காரு. எதிர்க்கடையில போய் டீ வாங்கிட்டு வாடி.”

மெர்சி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

டீ என்றதும் அவருக்கு மிடுக்கு இன்னும் கூடிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேப்டாப் வாங்கிய பில்லைக் கேட்டார். பில் கைக்கு வந்ததும் சார்ஜரைக் கேட்டார்.

“சார்ஜர் எதுக்கு சார்?”

“க்ளெய்ம் குடுத்துட்டா அது கம்பெனி பொருள். ரூல் தெரியாம எதுக்கு பாலிசி எடுக்குறீங்க?”

அவள் கட்டிலுக்கு அடியில் தேடினாள். துணிப் பைகளில் தேடினாள், மெர்சியின் பெட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டியதும் பிடுங்காத குறையாக வாங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“இப்ப பாஸ்வேர்ட எழுதிக் குடு. உன் லேப்டாப்தானான்னு சிஸ்டத்துல பாக்கணும். குடுக்கலன்னா பொய் க்ளெய்ம்னு எழுதிருவேன். காலேஜுக்கும் லெட்டர் போவும். அதோட உன் படிப்பு காலி.”

பில்கிஸ் எழுதப் போனாள். பேனா எழுதவில்லை என்றாள். வேறு பேனா தேடி எடுத்து, தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா, சொந்த பாஸ்வேர்டே ஞாபகம் இல்லையா?” என்று அவர் மேசையைத் தட்டினார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் மெர்சி வந்தாள், காலி ஃபிளாஸ்க்கோடு. பின்னாலேயே, தொழுகை முடிந்து தலையில் தொப்பியோடு அப்துல் ஹமீத் பாய். அவருக்குப் பின்னால் தெரு ஆண்கள் ஏழெட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த ஆள் எழுந்து கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“யாருங்க நீங்கள்லாம்? நான் இன்சூரன்ஸ் கம்பெனி. இந்தப் பொண்ணு குடுத்த கம்ப்ளெய்ண்ட விசாரிக்க வந்திருக்கேன். வழிய விடுங்க.”

பில்கிஸ் பேனாவை மூடி வைத்தாள்.

“நான் கம்பெனிக்கு இன்னும் சொல்லவே இல்லையே சார்.”