தரையில் நின்றவர்

றோலண்ட் மாஸ்டருடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கையோடு, அவர் மனைவி ஐவி டீச்சர் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

செத்துப்போன புருசன் ஒரு பயந்தாங்கொள்ளி என்கிற கதை.

"இன்னைக்காவது அத விட்டுறு, ஐவி" என்று டீச்சரின் அக்கா சிசிலி காதோடு சொல்லிப் பார்த்தார். டீச்சர் கேட்கவில்லை.

தலவாக்கலையில் அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. எண்பத்தேழில் புருசனும் பெண்சாதியும் அவுஸ்திரேலியா போய் வந்ததிலிருந்து கலியாண வீடு, திருநாள், பள்ளிக்கூடத்து ஓய்வறை என்று டீச்சர் அதைச் சொல்லாத இடமில்லை.

மாஸ்டரின் தம்பி லியனார்ட் மெல்பேர்ணில் வேலை செய்கிறவன். டிக்கட் அனுப்பி இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தான். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், பிளேனில் இருந்து குதிக்கிற ஒரு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். புதிதாகக் குதிக்க வருகிறவரை, பழகிய ஒருவர் தன் நெஞ்சோடு சேர்த்துப் பட்டியால் கட்டிக்கொள்வார். இருவரும் ஒன்றாகக் குதித்து ஒரே பரசூட்டில் இறங்குவார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் சேர்த்தே லியனார்ட் இடம் சொல்லி வைத்திருந்தான்.

"நான் அவுங்க குடுத்த உடுப்ப மாட்டிக்கிட்டு வெளிய வர்றேன்" என்றார் டீச்சர். "இவரு தனக்குக் குடுத்த குதிக்கிற உடுப்பக் கழட்டி, மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. என்னாங்கன்னு கேட்டா, 'எனக்குப் பயமா இருக்கு ஐவி, நீ போயிட்டு வா'ங்கிறாரு."

சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தபடியே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஒத்தையடிப் பாலத்தில் நடக்கவே கை பிடிக்கச் சொல்கிற டீச்சர் அன்றைக்குப் பிளேன் ஏறினார். கதவைத் திறந்ததும் மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினாராம். பரசூட் விரிந்த பிறகு சத்தமே இல்லையாம். கீழே மாடு மேய்வது கூடத் தெரிந்ததாம். கொஞ்ச நேரம் உலகத்தில் யாரும் தன்னை ஒரு வேலைக்கும் கூப்பிடாமல் இருந்தது, அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது என்றார்.

"எறங்கி ஓடி வந்து பாக்குறேன், இவரு கண்ணெல்லாம் செவந்து போய் நிக்கிறாரு. கீழ நின்ன மனுசனுக்கே அவ்வளவு பயம்."

மறுபடியும் சிரிப்பு.

மாஸ்டர் இருந்த காலத்திலும் இப்படித்தான். வாத்தியாரைச் 'சேர்' என்று கூப்பிடுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு 'பரசூட் சேர்' என்று பேர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பார். டீச்சர் கதை சொல்லும்போது எதையாவது விட்டுவிட்டால், "அந்த மாட்டச் சொல்லலியே நீ" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

சிரிக்காதவன் லியனார்ட் மட்டும்தான். அண்ணனுடைய அடக்கத்துக்கு லீவு கிடைக்காமல், இந்தப் பூசைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான். இந்தக் கதையை அவன் கேட்டது இன்றைக்குத்தான். பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, தேத்தண்ணி போட்ட குசினிப் பக்கம் போய்விட்டான்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் அவனைத் தேடிக்கொண்டு வந்தார். அவன் பின்வாசலில் நின்றான்.

"கோவிச்சுக்கிட்டீங்களா தம்பி? அவரு இருக்கும்போதும் சொல்லுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பாரு. இப்ப அதச் சொன்னாத்தான் அவரு பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு."

"கோவமில்லங்க அண்ணி. அண்ணன் பொறகு உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"என்னத்த?"

லியனார்ட் பேச்சை மாற்றப் பார்த்தான். டீச்சர் விடவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னான்.

குதிக்க வேண்டும் என்ற ஆசையே அண்ணனுடையதுதான். மெல்பேர்ணில் வந்து இறங்கின அன்றைக்கே, "இங்க பிளேன்ல இருந்து குதிக்கலாமாமே" என்று கேட்டது அவர்தான். மைதானத்தில் உடுப்பை மாட்டி, பட்டியையும் இறுக்கிக்கொண்டு முதல் ஆளாகத் தயாராக நின்றதும் அவர்தான். டீச்சர் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது மைதானத்து ஆள் ஒருவர் வந்தார். காற்று கூடுகிறது, இன்னும் ஒரு தடவைதான் பிளேன் ஏறும், உங்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்றார். மறுநாள் காலையில் ஊருக்குப் பயணம்.

"நீங்க போங்கண்ணேன்னுதான் நான் சொன்னேன்" என்றான் லியனார்ட். "அண்ணன் கொஞ்ச நேரம் அந்தப் பிளேனையே பாத்தாரு. பொறகு பட்டியக் கழட்ட ஆரம்பிச்சாரு."

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முன்னறையில் சிசிலி கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தம்பி. எடம் ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நான் அவருக்கே விட்டுக் குடுத்திருப்பேனே."

"அதையேதாங்க அண்ணனும் சொன்னாரு" என்றான் லியனார்ட். "'எடம் ஒண்ணுதான்னு தெரிஞ்சா ஐவி எனக்கு விட்டுக் குடுத்திருவா. நான் பயந்துட்டேன்னு சொன்னாத்தான் அவ ஏறுவா'ன்னு."