கடைசி ஆள்

"அந்த மனுஷனை மறுபடியும் காணோம்" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பிய சின்ன டூர் வேன். டிபனுக்கு அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், தாமரைக்குளம், வாழைத்தோப்பு என்று எங்கே நிறுத்தினாலும் சத்தியநேசன்தான் கடைசியில் வந்து ஏறினார். இப்போது முட்டம் கடற்கரையிலும் அதே கதை.

"இப்ப வரும் சாரே" என்றான் டிரைவர் அபிலாஷ்.

"ரிட்டயர்டு ஹெட்மாஸ்டராம். இவர் பசங்களுக்கு என்ன பங்க்சுவாலிட்டி சொல்லிக்கொடுத்திருப்பார்?"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள்.

"மூட்டுவலியோட அந்த ராகேலம்மாவே அதோ வந்துண்டிருக்கா. இவருக்கு என்ன? ஜெயா, நீ போய்க் கூட்டிண்டு வா. நான் போனா ஏதாவது சொல்லிடுவேன்."

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி இறங்கிப் போனாள்.

பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடை. பெஞ்சில் சத்தியநேசன் உட்கார்ந்திருந்தார். கையில் காலி கிளாஸ். பார்வை மணல் பக்கம்.

"எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கா, சார்."

"தெரியும்மா. அவிய ஏறட்டு, வாறேன்."

ஜெயலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். ராகேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தாள். சேலைக் கரையெல்லாம் ஈரம். முகத்தில் சிரிப்பு.

"காலையில டிபன் சாப்பிட்ட இடத்துல அவியதான் கடைசி" என்றார் சத்தியநேசன். "உங்க சார் கொஞ்சம் சத்தம் போட்டாரு."

ஜெயலக்ஷ்மிக்கு நினைவிருந்தது. 'நடக்க முடியாதவா எதுக்கு டூர் வரணும்?' என்று கணவர் கேட்டபோது, இவள்தான் காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் மாத்தூர்ல எறங்கவே மாட்டேன்னுட்டாவ. 'எப்பவும் உங்களுக்குப் பின்னால நான் வருவேன், நீங்க பைய நடங்க'ன்னு சொல்லித்தான் எறக்கினேன். இவ்வளவு தூரம் வந்து, கடல்ல கால் நனைக்காம போனா எப்படி?"

வேன் ஹாரன் அடித்தது. "ஜெயா, என்ன பண்றே அங்கே?" என்று கணவரின் குரலும் கேட்டது.

ராகேல் பாதி தூரம்தான் வந்திருந்தாள்.

ஜெயலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க கிளம்புங்கோ சார். எனக்கு ஒரு சாயா சொல்லிட்டுப் போங்கோ. இந்தத் தடவை கடைசியா நான் வரேன்."