ஆறு மணி நீர்மட்டம்

மார்ச் 9, மாலை ஆறு மணி. கால்வாயின் நாற்பதாவது கிலோமீட்டரில் நீர்மட்டம் 1.42 மீட்டர் என்றது பதிவேடு. கால்வாயைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிமிடம் நிமிடமாக நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி 1.54 என்றது.

"காலையில அச்சாப் பொருந்துது, சாயங்காலம் மட்டும் உதைக்குது. இந்தக் கணக்கைத் தூக்கிக் குப்பையில போடும்மா," என்றார் தலைமைப் பொறியாளர், அதை உருவாக்கிய இளம் பொறியாளரிடம்.

அது அவளுடைய மூன்று மாத உழைப்பு. மறுபடி சரிபார்த்தாள், தவறில்லை. மாலை என்பது மதகு திறந்து நீர் ஏறும் நேரம். கணினியின் ஐந்து மணி எண்ணைப் பார்த்தாள்: 1.42. ஒரு மாதமாகவே பதிவேட்டின் ஆறு மணி எண், கணினியின் ஐந்து மணி எண்ணாகவே இருந்தது.

அளவு எடுப்பவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, ஆறு மணி அளவை அஞ்சுக்கே எடுத்துடறீங்களா?"

"இங்க ஈ, காக்கா கூடக் கிடையாதே! யாரும்மா சொன்னது?"

"தண்ணிதான் காட்டிக் கொடுத்துச்சு."

அவர் குரல் இறங்கியது. "வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடக்கறாம்மா. ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான் பார்க்க விடறாங்க. நான் ஊட்டினாத்தான் சாப்பிடுறா. என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க."

"அஞ்சுக்கு எடுத்தா அஞ்சுன்னே எழுதுங்க அண்ணே. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் அவள் எழுதிய குறிப்பில் தலைமைப் பொறியாளர் கையெழுத்திட்டார். நாற்பதாவது கிலோமீட்டரில் மாலை அளவு நேரம் இனி ஐந்து மணி. காரணம்: கணக்கு பொருந்துகிறது.