பல்லிக்குக் காவல்

"பல்லி ஒழுங்கா சாப்பிட்டுச்சாப்பா?" செருப்பைக் கழற்றும்போதே மகள் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கற, விரல்லயே வந்து நக்கிச்சு. வாழைப்பழக் கூழ்னா அதுக்கு உயிர்," என்றார் தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடா கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

மகளுக்குக் கால்நடை மருத்துவமனையில் வேலை. வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பியபோது, தான் வளர்க்கும் தீவுப் பல்லியின் கண்ணாடிப் பெட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தாள். சுண்டுவிரல் நீளப் பல்லி.

"இலைக்குள்ள ஒளிஞ்சுதான் இருக்கும், நோண்டாதீங்க. இதை ஒழுங்கா பாத்துக்கிட்டா நாய்க்குட்டி வாங்கலாம்" என்றிருந்தாள்.

அவள் வேலைக்குப் போய்விட்டால் தையல் மிஷினோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? நாய்க்குட்டி என்றதும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் பார்த்தால், வைத்த கூழ் வைத்தபடி இருந்தது. இலையை விலக்கினார், மண்ணைக் கிளறினார். பல்லி இல்லை. மூடியைச் சரியாக மூடாமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். தைக்க வந்த துணிகளையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டு, வளர்ப்புப் பிராணிக் கடைக்கு ஓடினார்.

"எதுக்குங்க பதறறீங்க?" என்றார் கடைக்காரர். "இந்த இனத்துல ஆம்பளையே கிடையாது. பொட்டை தனியாவே முட்டை போடும். குஞ்சு அம்மாவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கும். பெத்த தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது."

அங்கேயே ஒன்றை வாங்கி வந்து பெட்டிக்குள் விட்ட தைரியத்தில்தான் இப்போது பேசிக்கொண்டிருந்தார்.

மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே."

"உன்னைக் காணாம ஏங்கிப்போச்சு. ராத்திரியெல்லாம் ஒரே சத்தம். நான்தான் தட்டிக்கொடுத்து தூங்க வெச்சேன்."

"பல்லியையா தட்டிக்கொடுத்தீங்க?"

"லேசாதான்."

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அப்ப நான் போனதுல இருந்து இது இந்தப் பெட்டியிலயேதான் இருந்துச்சு?"

"பின்ன, எங்க போயிடும்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்துக்கிட்டேன். அதை விடு, நாய்க்குட்டி பாக்க எப்ப போகலாம்?"

மகள் தோள்பையிலிருந்து ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே அச்சு அசல் அதேபோல் ஒரு பல்லி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நான் வெறும் பெட்டியைத்தான்பா குடுத்துட்டுப் போனேன். பல்லியைக் காணோம்னு நீங்க மறைக்காம போன் பண்ற அன்னைக்கே நாய்க்குட்டிக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்."